அறுபத்து நாலில் நின்றது

சங்ககிரி ரோட்டுக் கடைப்பையன் சொன்னான்:
"செவனெல்லாம் காலாவதிங்க்கா.
பூட்டு தொங்கும், சாவி ஊருக்கே தெரியும்."
பென்டிரைவில் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தான்.
முந்நூறு ரூபாய். கூடவே துண்டுச்சீட்டில் ஆறு வரி.
நாலாவது வரியில் அவன் கையெழுத்துப் புரியவில்லை.

முதலில் கணக்கை வெளியே எடுத்து வைத்தேன்.
பதினோரு வருசத்து அடிக்கணக்கு:
எந்தக் காட்டில் எத்தனை அடி, கேசிங் எத்தனை,
தண்ணீரா, புழுதி மட்டுமா,
பாக்கி வைத்தவர் பேர்.
அப்புறம் பொண்ணுக்குக் காது குத்திய படங்கள்.
அப்புறம் எதற்கென்றே தெரியாத ஒரு கோப்பு,
"புதிது இரண்டு" என்று. அதையும்.

ராத்திரி ஒன்பதேகால். எண்கள் ஏறத் தொடங்கின.
பன்னிரண்டு. முப்பது. நாற்பத்தொன்று.
அறுபத்து நாலில் நின்றுவிட்டது.
செங்கோட்டுவேலுக்குப் போன் போட்டேன்.
மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு பூண்டுக்காட்டில்
அவர் ரிக்கும் நின்றுகொண்டிருந்தது.
"பாறையா இருக்கும். விடு.
அவசரப்பட்டுப் பிடுங்கினா உள்ளேயே மாட்டிக்கும்."
எதைச் சொன்னார் என்று கேட்கவில்லை.
கரண்டு போய்விடக் கூடாதென்று
ஜன்னல் வழியே மலை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்குப் புது நீலம் வந்தது.
உங்கள் பெயர்? என்று கேட்டது.
பழையதில் நான் அங்காளம்மன் போர்வெல்ஸ்.
சித்தெ யோசித்து
சாந்தாமணி என்று அடித்தேன்.

பிரவுசரில் கணக்கைத் திறந்தேன்.
வீடு புதிது, ஒறம்பரை பழையது.
எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி விளம்பரம்.
இளஞ்சிவப்பு ரிப்பன், சிரிக்கிற டாக்டரம்மா.

தை மாசம், எல்லோரும் தூங்கின பிறகு தேடினேன்.
இடப்பக்கம், கடலைக்கொட்டை அளவு, வலியில்லை.
எழுத்துப்பிழையோடு, ஒரே ஒருதரம்.
மறுநாள் டீசல் விலை பார்க்கையில் ரிப்பன்.
பொண்ணுக்கு ஹால் டிக்கெட் எடுக்கையில் ரிப்பன்.
மாசியில் ரிப்போர்ட் வந்தது: வெறும் கொழுப்புக்கட்டி.
வைகாசியும் பாதி போயிற்று.
எனக்கு ஒன்றுமில்லை என்று
இதனிடம் யார் போய்ச் சொல்வது?

சீட்டில் ஐந்தாவது வரி: குக்கீ, எல்லாத்தையும் அழிங்க.
ஆறாவது: பின்தொடர்வதைத் தடுக்கும் இடத்தில்
கடைசிப் புள்ளியை வைங்க.
அழிக்கப் போகையில்தான் ஞாபகம் வந்தது.
வடக்கே கிளம்பும் முந்தின நாள்
ரசீது அடிக்க இதே நாற்காலியில் உட்கார்ந்தவர்
பாதியில் எழுந்து வந்தார்.
போசியிலிருந்து தானே சோற்றைப் போட்டுக்கொண்டு,
"வண்டி நாளைக்குப் போகட்டும்.
நா ரெண்டு நாள் கழிச்சு ரயில்ல போறேன்.
கோயமுத்தூர்ல சோலி ஏதாச்சும் இருந்தா
பாத்துட்டு வந்தர்லாம்" என்றார், வட்டலைப் பார்த்தபடி.
சோலி இருந்தது. போனோம்.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

என் வாயால் சொல்ல இருந்தேன்.
என்றைக்கு என்று நாள்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.
அதற்குள் ஒரு ரிப்பன் சொல்லிவிட்டது.
அதன்மேல் எனக்குக் கோபமா,
இல்லை, அது சொல்லியிராவிட்டால்
நான் அந்த நாளைத் தள்ளிக்கொண்டே போயிருப்பேனா?

அழித்தேன்.

எல்லா இடமும் என்னை மறந்தது.
பேங்க்கூட நீங்கள் யார் என்று கேட்டது.
பாஸ்வேர்டு, டீசல் நோட்டின் பின்னட்டையில்
பால்கணக்குக்குக் கீழே இருந்தது.

ஒன்றரைக்கு அவர் போன்.
எழுநூறு அடி, புழுதிதான் என்றார்.
சாப்டீங்களா என்றேன்.
கம்ப்யூட்டர் என்னாச்சு என்றார்.
ஆச்சு என்றேன். நாலாவது வரி மட்டும் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு
காலிப் பெட்டியில் முதல் எழுத்தை அடித்தேன்.
அடுத்த எழுத்து இதுதானே என்று
எதுவும் முந்திக்கொண்டு வரவில்லை.
முழுச்சொல்லையும் நானே அடித்தேன்.
என்ன சொல் என்று
இங்கேயும் எழுதப்போவதில்லை.